நாலாயிரம் மீட்டர் ஆழத்தில் இரண்டு ஜோடி

அந்த அம்மா வந்த அன்று காலை, தொட்டியில் நல்ல தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன். கடலிலிருந்து எடுத்த பொருளில் ஊறியிருக்கும் உப்பை மெதுவாகத்தான் வெளியேற்ற வேண்டும். அவசரப்பட்டுக் காயவிட்டால் தோல் பாளம் பாளமாக வெடித்துவிடும். என் வேலையே அவசரப்படாமல் இருப்பதுதான்.

இருபத்தேழு வருடங்களுக்கு முன் மூழ்கிய சரக்குக் கப்பல் அது. ஏன் மூழ்கியது என்று விசாரிக்கப் போன குழு, நாலாயிரம் மீட்டர் ஆழத்துக்கு ஓர் எந்திரத்தை இறக்கியது. மேல்தளத்துப் படிக்கட்டின் அடியில் இரண்டு ஜோடிக் காலணிகளைக் கண்டெடுத்து அனுப்பியிருந்தார்கள். ஒன்று தடித்த தோல் ஷூ. அதன் நாக்கில், கப்பல் எஞ்சினுக்கு எண்ணெய் போடும் எண்ணெய்க்காரர் ஒருவரின் பணியாளர் எண் இருந்தது. கடைசி இலக்கம் மட்டும் அழிந்திருந்தது. அந்த எண்ணெய்க்காரரின் மனைவிதான் இப்போது வந்திருந்தார்.

நாற்காலியில் உட்காரவில்லை. தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"அவரு ஷூ ஒரு சைஸ் பெருசு. தள்ளுபடியில கிடைச்சுதுன்னு வாங்கிட்டு வந்துட்டாரு. கால் ஆடுதுன்னு புலம்பினாரு. என் பழைய கைப்பையை வெட்டி உள்ளே வச்சேன். சிவப்பு. ஓரத்துல கறுப்பு நூல் தையல் போட்டிருப்பேன்."

கையுறை மாட்டிக்கொண்டு இடது ஷூவுக்குள் விரலை விட்டேன். அடியில் ஏதோ வழுக்கியது. மெல்ல இழுத்தேன். சிவப்பு கறுத்துப் போயிருந்தது. கறுப்பு நூல் அப்படியே இருந்தது.

அவர் அழவில்லை. "அவரு?" என்றார்.

இந்தக் கேள்விக்கு எத்தனை முறை பதில் சொன்னாலும் வாய் பழகுவதில்லை. "அவ்வளவு ஆழத்துல எலும்பு கூடக் கரைஞ்சிடும்மா. பதப்படுத்தின தோலை மட்டும் எதுவும் சீக்கிரம் தின்னாது."

"வீட்டுல அவரோட சட்டையை எல்லாம் பூச்சி அரிச்சிடுச்சு. கல்யாணப் போட்டோல பூஞ்சை புடிச்சு அவரு முகமே போயிடுச்சு. பீரோவுக்குள்ள பூட்டி வச்சிருந்தேன். எல்லாம் போச்சு. இது மட்டும் இருக்கு பாருங்க!"

கடலடியில் எடுத்த படத்தை அவர்தான் கேட்டார். காட்டினேன். மேல்தளத்துப் படிக்கட்டின் அடியில், சாம்பல் நிற வண்டலில் தோல் ஷூக்கள் இரண்டும் நின்றிருந்தன. அவற்றுக்கு எதிரே, முனையோடு முனை முட்டுகிற மாதிரி, ஒரு ஜோடி வெள்ளை ரப்பர் பூட்ஸ். நடுவில் ஒரு விரல் இடைவெளி கூட இல்லை.

"வெள்ளை பூட்ஸ் சமையல்காரன் போடறதுதானே?"

"ஆமாம்மா. கப்பல்ல அவர் ஒருத்தர்தான் போட்டிருந்தாராம்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஒவ்வொரு கடுதாசியிலயும் அந்த ஆளைத்தான் திட்டுவாரு. உப்பு போடத் தெரியாத ஜென்மம், மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு எழுதுவாரு. கடைசியில…"

சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை.

"எஞ்சின் ரூம்லயே மாட்டிக்கிட்டாருன்னு அப்போ சொன்னாங்க. இருட்டுல, தனியா கதவைத் தட்டிட்டே இருந்திருப்பாருன்னு நினைச்சு நினைச்சு… அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுட்டே இருக்கும். குக்கர் விசிலுக்கு நடுவுல கூடக் கேட்கும்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் சுற்றிலும் பார்த்தார். ரப்பர் பூட்ஸ் எதிர்ச் சுவரோரம் வேறொரு தொட்டியில் இருந்தது.

"ஏன் பிரிச்சு வச்சிருக்கீங்க?"

"ரப்பருக்கு வேற மருந்து, தோலுக்கு வேற மருந்தும்மா. சேர்த்து வச்சா ரெண்டும் கெட்டுடும்."

"அங்கே கெடலயே."

நான் கையுறையைக் கழற்றினேன்.

"எதுக்கு எடுத்தீங்க?" கோபமாகக் கேட்கவில்லை. நேரம் என்ன என்று கேட்கிற குரலில்தான் கேட்டார்.

ஷூவை வீட்டுக்குக் கொண்டுபோக அவருக்கு மனமில்லை. சமையல்காரருக்கு ஒரு தங்கை இருப்பதாக நான் சொன்னதும் அந்தத் தங்கையின் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டார். "இதை நான் சொல்றேன். ஆபீஸ்ல இருந்து சொன்னா அவங்களுக்குப் புரியாது."

அவர் போனபின் உதவியாளரைக் கூப்பிட்டு ரப்பர் பூட்ஸ் தொட்டியைத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னேன். இரண்டு தொட்டிகளையும் ஒட்டி வைத்தோம். நடுவே கண்ணாடி மட்டும்தான். வழி அடைகிறதே என்று அவன் முணுமுணுத்தான்.

மூன்று மாதமாகிறது. இப்போதெல்லாம் தண்ணீர் மாற்றும்போது தொட்டியின் மேல் கை இடித்து, கதவைத் தட்டுவதுபோல் லேசாகச் சத்தம் வந்தாலும் நின்றுவிடுகிறேன். இன்னொரு தடவை கேட்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடர்கிறேன்.