காஞ்சொறி தின்றவளும் ஸ்மார்ட் என்ற சொல்லும்

1

இந்தக் கதையை ஒரு சொல்லிலிருந்து திருடினேன். போன கோடையில் இங்கிலாந்தின் டோர்செட்டில், எங்கள் கிராமத்து பப்பிலிருந்து, பால் லாரி ஓட்டும் ஹெட்டி சாம்வேஸ், "ஸ்மார்ட் ஆகுது! நாக்கு ஸ்மார்ட் ஆகுது!" என்று அலறிக்கொண்டு வெளியே ஓடினாள்.

செல்போனுக்கும் கோட்டுக்கும் சொல்கிற சொல் நாக்கில் எப்படி ஏறியது? அகராதியைப் புரட்டினேன். அதன் பழைய பொருளே 'சுள்ளென்று எரிதல்'தான். பிறகு சுளீரென்ற அடி, சுறுசுறுப்பு, கூர்புத்தி. மடிப்புக் கலையாத சட்டையெல்லாம் கடைசியில் வந்து ஒட்டிக்கொண்டது.

2

முதல் தொடக்கம்: 'காஞ்சொறிப் புதருக்குள் ஒரு பிணம்...'

வேண்டாம். துப்பறியும் கதை எழுதிய கைப்பழக்கம்.

இரண்டாவது: பப்பில் வருடாவருடம் காஞ்சொறி தின்னும் போட்டி. ஒரு மணி நேரம். தண்டிலிருந்து இலையை உருவிப் பச்சையாகத் தின்ன வேண்டும். மொட்டைத் தண்டுகளை வரிசையாக வைத்து அளப்பார்கள். நீளம் அதிகமானவருக்குப் பட்டம்.

போன வருடம் பாதியில் ஓடிய ஹெட்டி, வேலியோரத்து டாக் இலையைப் பிடுங்கி நாக்கில் தேய்த்தாள். காஞ்சொறிக் கடிக்கு இங்கே எல்லோரும் தேய்ப்பது அதைத்தான். ஆனால் போட்டியில் உட்கார்ந்தவர் தேய்த்தால் மானம் போச்சு. அன்றிலிருந்து அவள் பெயர் 'டாக்'. லாரிக் கண்ணாடியில் யாராவது ஓர் இலையைச் செருகிவிட்டுப் போவார்கள்.

அந்தப் பெயரைக் கழற்றி எறியத்தான் இந்த வருடமும் வந்து உட்கார்ந்தாள்.

3

எதிரில் சாம்பியன் டென்ஸில் கப்பி. கூரை வேய்பவன்.

"என்ன டாக், வாசப் பக்கமா இடம் புடிச்சிருக்கே? ஓடறதுக்கா?"

"உன்னத் தூக்கிட்டுப் போறவங்களுக்கு வழி வேணாமா, டென்ஸில்?"

பப் அதிர்ந்தது. யாரோ கோப்பையிலிருந்த சைடரை, ஆப்பிள் மதுவை, கொட்டினார்கள்.

போன தடவை இலையை நுனிவிரலால் மரியாதையாகத் தொட்டாள். அது மரியாதையில்லாமல் கொட்டியது. பிறகு வருடம் முழுக்க, பண்ணைகளில் லாரியில் பால் ஏறும் நேரத்தில் தின்று பழகினாள். இப்போது கசக்கினாள், உருட்டினாள், கடைவாய்க்குத் தள்ளினாள்.

(டென்ஸில் நாக்கில் மரப்பு மருந்து தடவியதாக ஒரு பத்தி எழுதி, அடித்துவிட்டேன். வில்லன் கிடைத்தால் எனக்கு வேலை சுலபம். ஆனால் அவன் நேர்மையாகத்தான் தின்றான். அவனை அப்படியே விட்டால்தான் இவள் ஜெயிப்பதற்கு மதிப்பு.)

4

ஒரு மணி நேரம் முடிந்து மணி அடித்தது. ஹெட்டி நாற்காலியை விட்டு அசையவில்லை. நாக்கு கறுத்து, கண்ணில் நீர்.

"எப்படிம்மா இருக்கு?" என்றேன்.

"எரியுது. எரிஞ்சிட்டுப் போகட்டும்."

எதிரே டென்ஸில் வாயைப் பொத்திக்கொண்டு துள்ளினான். "யாராச்சும் ஒரு டாக் இலை குடுங்கய்யா!"

பப் முழுக்க ஹெட்டி பக்கம் திரும்பியது.

ஹெட்டி சட்டைப் பையிலிருந்து ஓர் இலையை எடுத்து நீட்டினாள். "இந்தா. காலையில என் லாரியில நீ சொருகினதுதான். வாடக்கூட இல்ல."

"ஹெட்டி! ஹெட்டி!" மேசைகள் குதித்தன. அந்தப் பழைய பெயர் ஒரு வாயிலிருந்தும் வரவில்லை.

5

யாருடைய தண்டுகள் நீளம்? அவளுடையவை ஒரு சாண் கூடுதல் என்று எழுதிப் பார்த்தேன். சமம் என்றும் எழுதினேன். டென்ஸிலுக்கே பட்டம் என்று ஆரம்பித்த வாக்கியம் பாதியில்...

அளவுநாடா மேசைமேல் சுருண்டு கிடக்கிறது. வேண்டுமானால் நீங்களே அளந்துகொள்ளுங்கள். ஹெட்டி அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் லாரியைக் கிளப்பிவிட்டாள். கண்ணாடியில் இலை இல்லை.