கிட்டுமோனின் தாய்மாமன்

என் பெயர் ராமலட்சுமி. சொன்னால் யாருக்கும் தெரியாது. கிட்டுமோன் என்றால் கேரளாவில் முப்பது வயதைத் தாண்டிய எல்லாருக்கும் தெரியும். போலீஸ் ஜீப்பில் ஒளிந்துகொண்டு அப்பாவைத் தேடிப் போகும் அந்தப் படத்து வாலுப் பையன் நான்தான். குலதெய்வத்துக்கு மொட்டை போட்டு, முடி முளைத்துக்கொண்டிருந்த நேரம். மூணாறு பக்கம் எங்கள் மாட்டுப்பட்டியில் படம் எடுக்க வந்தவர்கள் என்னைப் பையன் என்று நினைத்துக் கூப்பிட்டார்கள். பெண் என்று தெரிந்த பிறகும் விடவில்லை. படம் ஓடியது, விருது கிடைத்தது. தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்த என் அப்பா பிச்சைமணி வேலையை விட்டுவிட்டுக் கத்தரிக்கோலும் கையுமாக என் பின்னால் வர ஆரம்பித்தார். முடி காதுக்குக் கீழே இறங்கக் கூடாது. வந்ததெல்லாம் பையன் வேஷம் அல்லவா!

பன்னிரண்டு வயதில், ஒற்றப்பாலத்தில் ஒரு படப்பிடிப்பின் நடுவே பெரியவளானேன். "எங்கண்ணனுக்குச் சொல்லி விடணும்" என்றாள் அம்மா. அதுதான் அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு. எங்கள் ஆட்களில் தாய்மாமனுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். அவர் சீரோடு வந்து நின்றால்தான் சடங்கு. முனீஸ்வரன் மாமாவுக்குப் பெண் பிள்ளை கிடையாது. எனக்காகப் பித்தளை அண்டா, பட்டுப் பாவாடை என்று ஒவ்வொன்றாக வாங்கி வைத்துவிட்டு, எஸ்டேட் குடியிருப்புகளில் லயம் லயமாகச் சொல்லிக்கொண்டு திரிந்த மனுஷன்.

அப்பா குதித்தார். "சடங்கு வச்சா பேப்பர்ல போட்ருவான். அப்பறம் எவன் பையன் வேசத்துக்குக் கூப்புடுவான்? வாய மூடிக்கிட்டு இருடி."

அம்மா மூடிக்கொண்டாள். மாமா வரும்போதெல்லாம், "என்ன தாயி, மாமனுக்கு இன்னும் வேல வைக்கலையா?" என்று என்னைக் கிண்டல் செய்வார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, "இன்னும் இல்லண்ணே" என்பாள். நான் டவுசரும் தொளதொளச் சட்டையுமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு மாமா முகத்தைப் பார்க்கவே கூசும்.

இரண்டு வருஷம் இப்படி ஓடியது. அதற்குமேல் எந்தச் சட்டையும் என்னைப் பையனாகக் காட்டவில்லை. சினிமாக்காரர்கள் போன் எடுப்பதை நிறுத்தினார்கள். அப்போதுதான் அப்பாவுக்கு மாமாவின் அண்டா ஞாபகம் வந்தது. "இப்பத்தான் ஆனான்னு சொல்லிருவோம். எவனுக்குத் தெரியப்போகுது?" என்றார். மாமா மேளதாளத்தோடு வந்தார். லயமே கூடி நின்றது. மாமா மஞ்சத்தண்ணிச் செம்பைத் தூக்கியபோது அம்மாவால் தாங்க முடியவில்லை. அவர் காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

மாமா செம்பைக் கீழே வைத்தார். "ரெண்டு வருசமா எம்மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்லிருக்கயே, அழகுத்தாயி." அவ்வளவுதான். சீரைத் திரும்ப ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனவர் எங்கள் வாசலை மிதிக்கவே இல்லை. அன்றைக்கு அப்பா பட்ட வருத்தம் அண்டாவுக்காக மட்டும்தான்.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசைதான். "எங்கண்ணன் கோடி போடாம என்னையத் தூக்கக் கூடாது" என்பாள். பிறந்த வீட்டுக் கோடிச் சேலை மேலே விழாமல் போகிற பெண்ணுக்கு நாதியில்லை என்று எங்கள் பக்கம் பேசுவார்கள். அந்தப் பேச்சுக்கு அம்மா சாவைவிட அதிகம் பயந்தாள்.

போன புதன்கிழமை விடியும்போது அம்மா போய்விட்டாள். பொம்பளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, ஜீப் பிடித்து மாட்டுப்பட்டி அணைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மாமாவின் எஸ்டேட்டுக்கு ஓடினேன். நானே நேரில் சொன்னால் மாமா வருவார் என்று நம்பினேன். அவர் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் என் பழைய முகம், டவுசரோடு. கீழே, கிட்டுமோனின் தாயார் காலமானார் என்று மலையாளத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

நான் ஜீப் ஏறியதும் அப்பா சானல்காரனுக்குப் போன் போட்டிருக்கிறார்!

"அன்னைக்கும் உங்கப்பனுக்கு சினிமாக்காரந்தான் பெருசு. இன்னைக்கும் மொத அவனுக்குத்தான் சொல்லிருக்கான்" என்றார் மாமா. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "எந்தங்கச்சி செத்தத ஊரே பாத்த பெறகு நான் எதுக்குத் தாயி?"

"அம்மாவுக்காக வாங்க மாமா" என்று காலில் விழுந்தேன்.

"உம்மேல கோவமில்ல. போயிரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எவ்வளவோ தட்டினேன். திறக்கவில்லை.

திரும்பி வந்தபோது எங்கள் வாசலில் கேமராக்கள். அப்பா தலைக்கு மை பூசி, என் விருதை மடியில் வைத்துக்கொண்டு பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். பெரிய பொம்பளைகள் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுச் செல்வலட்சுமி அத்தை எழுந்து, "கோடி வந்துச்சா? வராம நாங்க தூக்க விடமாட்டோம்" என்றாள்.

அப்பா பேட்டியை நிறுத்தி, என்னை வீட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். மூணாறு கடையில் வாங்கிய புதுச் சேலையை என் கையில் திணித்தார். "மாமனுக்கு மேலுக்கு முடியல, குடுத்து விட்டான்னு சொல்லு. என்ன முழிக்கிற? சொல்லு!"

அதை அவர் மூஞ்சியில் வீசத்தான் கை எழுந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? அண்ணனே ஒதுக்கிவிட்ட நாதியற்றவள் என்று இத்தனை பேர் முன்னால் அம்மா பெயர் வாங்கிக்கொண்டு போவாள். எனக்கு அதைப் பார்க்கத் தெம்பில்லை.

சேலையை ஏந்திக்கொண்டு முன்வாசலுக்கு வந்தேன். "எங்க மாமா குடுத்து விட்டாக. மேலுக்கு முடியலையாம். எந்தங்கச்சிக்குப் போட்டு விடுங்கன்னு அழுதாக" என்று சொல்லி, அம்மாவின் மேல் விழுந்து கதறினேன். கதறல் நிஜம். பொம்பளைகள் நம்பிவிட்டார்கள். "அண்ணன் மனசு எறங்கிருச்சுடி அழகுத்தாயி" என்று ஒப்பாரி வைத்தாள் செல்வலட்சுமி அத்தை. சேலையைப் போர்த்தினார்கள், தூக்கினார்கள்.

பாடை வாசலைத் தாண்டியதும் அப்பா என் தோளைத் தட்டி, "நல்லாப் பண்ணுன தாயி. ஒரே டேக்கு" என்றார். நிஜமாகவே சந்தோஷப்பட்டுத்தான் சொன்னார்.