ஸ்டோர்ச் சூடு

ஞாயிற்றுக்கிழமை காலையில், ஏலத்தோட்டத்து லயத்துக்குப் பின்னால் இருந்த துவைகல்லில் நல்லதம்பியை உட்காரவைத்து, அவன் தலையில் நல்லெண்ணெயை வைத்துத் தேய்த்தாள் முத்துப்பேச்சி. அவளுடைய ஏழு மாத வயிறு அவன் முதுகில் இடித்தது. உடும்பஞ்சோலையில் அன்று அதிசயமாக மழை விட்டிருந்தது. "கண்ண மூடிக்க மாமா. நல்லா ஊறுனாத்தான் ஒடம்புச் சூடு எறங்கும்" என்றாள்.

சூடு! அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவன் இத்தனை நாளும் தப்பித்துக்கொண்டிருந்தான். ஒன்றுக்குப் போனால் உயிர் போகிற எரிச்சல், வேட்டியில் கறை. அவள் பார்த்துக் கேட்டபோது, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் ராப்பகலாக அடுப்புக்கு விறகு தள்ளுகிறேன் அல்லவா, அதில் வந்த சூட்டு வெட்டை என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டான். அவள் நம்பினாள். ஸ்டோரில் நிற்கிற ஆம்பளைக்கு எது வந்தாலும் சூடு என்றுதான் லயத்துப் பெண்கள் எல்லாருமே நம்பினார்கள்.

உண்மை மலைக்குக் கீழே போடியில் கிடந்தது. போன மாதம் காய் மூட்டை ஏற்றிய லாரியோடு இறங்கியபோது, மண்டிக்குப் பின்சந்தில் ஒரு வீட்டுக்குக் கூட்டாளிகள் போனார்கள், இவனும் போனான். யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. புறப்படும் முன்பே டிஸ்பென்சரிக் கம்பவுண்டர் சூசையப்பன் லோடு ஆட்களை நிறுத்தி, ஆளுக்கு ஒரு நிரோத் உறை கொடுத்திருந்தார். "வெக்கப்படாம வாங்குங்கடா. அப்புறம் எங்கிட்ட வந்து அழாதீங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நல்லதம்பி தன்னுடையதைப் பிரித்து, பீடியையும் தீப்பெட்டியையும் அதற்குள் திணித்து முடிச்சுப் போட்டுக்கொண்டான். லோடு ஆட்கள் எல்லாருமே அதை அதற்குத்தான் வைத்திருந்தார்கள். அன்று கொட்டிய மழையில் அவன் தீக்குச்சி ஒன்றுகூட நனையவில்லை. தூ, என்ன சமர்த்து!

நேற்று ஊசி போட்டுவிட்டுச் சூசையப்பன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒனக்குப் போட்டா மட்டும் பத்தாதுடா. பேச்சியையும் கூட்டியா. அவளுக்கும் தொத்தியிருந்து கவனிக்காம விட்டா, பொறக்குறப்பவே புள்ள கண்ணுல எறங்கிரும். கண்ணே போயிரும்." இவன் பெரிதாகத் தலையை ஆட்டினான். வீட்டுக்கு வந்து வாயைத் திறக்கவில்லை.

"மாமா, ஒன்னு சொன்னா வையக் கூடாது" என்றாள் முத்துப்பேச்சி. "நேத்து கங்காணிகிட்டப் போனேன்."

"எதுக்கு?"

"எம் புருசனுக்குச் சூடு புடிச்சு வெட்டையாயிருச்சு, ஸ்டோர விட்டு மாத்திவிடுங்கய்யான்னு கேட்டேன். வேணும்னா நான் அடுப்புகிட்ட நிக்கிறேன்னும் சொன்னேன். மொக்கையன் கங்காணி சிரிக்கிறாரு. கூட நின்ன ஆம்பளைகளும் சிரிக்கிறானுக. நான் என்னத்தக் கேட்டுட்டேன்னு அப்பிடிச் சிரிக்கணும்?"

நல்லதம்பிக்குக் காது மடல் பற்றி எரிந்தது. லாரியில் கூட வந்தவர்களும் அந்தக் கும்பலில் இருந்திருப்பார்கள். அத்தனை பேர் நடுவில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு, இவனுக்காகக் கையேந்தி நின்றிருக்கிறாள். செருப்பைக் கழற்றி அடித்திருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

அவள் குனிந்து மெல்லச் சொன்னாள். "எனக்கும் நாலஞ்சு நாளா எரியுது மாமா. ஒருமாதிரி வெள்ள படுது. கூச்சமா இருந்துச்சு, சொல்லல. ஸ்டோர்ல நிக்கிற ஒனக்குச் சூடு சரி. விடிஞ்சதுலேர்ந்து அட்ட கடிக்க மழையில நனைஞ்சுக்கிட்டுக் காயெடுக்குற எனக்கு எங்கிட்டுருந்து வந்துச்சு?"

அவன் துவைகல்லின் விளிம்பை நகத்தால் சுரண்டினான்.

"ஆகாதது எதையும் தின்னுட்டேனோ என்னமோ. என்னாலதான் ஒனக்கும் வந்துச்சோ மாமா?"

அவள் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே பயந்துபோய்க் கேட்டாள். ஆமாம் என்று ஒரு தலையசைப்புப் போதும். பழியைத் தூக்கி அவளே சுமந்துகொள்வாள். அப்படி ஒரு நினைப்பு வந்ததே, அதற்கே அவனுக்குச் செத்துவிடலாம்போல் இருந்தது.

"இது சூடு இல்ல பேச்சி."

"பின்ன?"

"போன மாசம் போடிக்குப் போனேன்ல... அங்கன ஒரு வீட்டுக்கு..." மீதியை விழுங்கிக்கொண்டான். "நாளைக்கு ரெண்டு பேரும் சூசையப்பன்கிட்டப் போவோம். நீயும் ஊசி போட்டுக்கணும். இல்லாட்டிப் புள்ளைக்குக் கண்ணு..."

உச்சந்தலையில் அவள் விரல்கள் நின்றுவிட்டன. தேய்க்கவில்லை, எடுக்கவுமில்லை. நெற்றியில் வழிந்த எண்ணெய் அவன் திறந்த கண்ணுக்குள் இறங்கிக் காந்தியது. அவன் துடைக்கவில்லை. முதுகோடு ஒட்டியிருந்த வயிற்றுக்குள்ளிருந்து பிள்ளை ஓர் உதை விட்டது. அது அவன் முதுகெலும்பில் பட்டது. பிறகு அந்த வயிறு மெல்ல அவனைவிட்டு விலகியது.