கருத்தையா வீட்டுக் குழம்பின் சூடு

பசி காதை அடைக்க மில்லிலிருந்து வந்து தட்டை வைத்தால், விடியற்காலையில் இறக்கிய குழம்பு சாயங்காலம் நாலு மணிக்கும் ஆறாமல் கொதிசூட்டில் இருக்கும். ராஜபாளையத்தில் கருத்தையா வீட்டில் கல்யாணமான வாரத்திலிருந்து இதுதான் நிலவரம். அவன் மனைவி மாரீஸ்வரி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கூடத்தில் விறகடுப்பு முன்னால் நின்று பால் கிண்டுகிறவள். காலையில் ஆக்கி மூடிவிட்டு பஸ் ஏறிவிடுவாள். அவளுடைய கைச்சூடு சட்டிக்கு இறங்கிவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள், குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதைப்போல. மேலே எண்ணெய் படர்ந்திருப்பதால் ஆவி தெரியாது. ஆறிவிட்டதென்று நம்பி வாயில் வைத்து வைத்தே கருத்தையாவின் நாக்குக்கு உப்பும் உறைப்பும் ஒன்றாகிப்போயின. கடைசியில் புரோட்டாக் கடைக்கு ஒதுங்கினான். மாரீஸ்வரி இரவில் வந்து சாப்பிடும்போதோ குழம்பு பதமான சூட்டில் இருக்கும். அதனால் குழம்பு நாக்கைப் பொசுக்குகிறது என்று அவன் சொன்னதை அவள் நம்பவில்லை.

"எஞ்சோறு எறங்கல, கடைச்சோறு எறங்குதாக்கும். இன்னொரு நா சட்டியில மிஞ்சிக் கெடக்கட்டும், நான் வத்திராயிருப்புக்கு எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

"சூடு எம்புட்டுன்னு தெரியலையேட்டி."

"மனுசனுக்குப் பொறுமை வேணும்."

கருத்தையா பயந்துபோனான். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை முதலில் முக்கினான். அது எழுத்து அணைந்து செத்தது. மில்லில் ஃபிட்டர் மலைச்சாமி, மோட்டார் பேரிங்கின் சூட்டைத் தொடாமலே காட்டுகிற துப்பாக்கியைக் கொண்டுவந்தார். சரியாகச் சொன்னால் அவருக்கு ஒரு சாப்பாடு என்று பேச்சு. சட்டியைப் பார்த்து அழுத்தினார், நாற்பத்தைந்து டிகிரி காட்டியது. "பேரிங்குக்கே சொல்லுது மாப்ள, புளிக்குழம்புக்குச் சொல்லாதா?" என்றார். கருத்தையா ஒரு கரண்டியை வாயில் ஊற்றினான். மேல் அண்ணத்தில் தோல் உரிந்தது. துப்பாக்கி மேலே நின்ற எண்ணெயை மட்டும் பார்த்திருக்கிறது, அடியைப் பார்க்கவில்லை. மலைச்சாமி துப்பாக்கியைப் பைக்குள் வைத்துக்கொண்டே, "ஆனா எண்ணெய்க்குச் சரியாத்தான் சொல்லிச்சு, சாப்பாடு உண்டுல்ல?" என்றார். வாயைத் திறக்க முடியாததால் கருத்தையா தலையை ஆட்டினான்.

பாத்திரக்கடை பொன்மணி சமையல் தெர்மாமீட்டரில் மூன்று தினுசை எடுத்துப் போட்டாள். கடிகாரம்போல் முள் உள்ளது நிதானமாக ஏறியது. அதுவரைக்கும் ஆவியில் கை வேக வேண்டும். ஒயர் வைத்தது கேக் சுடுகிறவர்களுக்கு. மூன்றாவது பேனாக்கத்திபோல் மடங்கும், ஊசி மெலிசு, கண் இமைப்பதற்குள் எண் நின்றுவிடும். பொன்மணி அதைத் தன் டீயில் குத்தி, "அறுபத்திரெண்டு. இதைக் குடிக்கலாம், ஒங்க வீட்டுக் குழம்புக்கு நான் பொறுப்பில்ல" என்றாள். கொதிக்கிற தண்ணீரில் விட்டுச் சரிபார்த்தால் நூற்றுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், நடுச்சட்டியில் குத்த வேண்டும், அடியில் முட்டக் கூடாது என்றும் சொன்னாள்.

அதை வாங்கி வந்து குத்தினால், அன்று நாலு மணிக்குத் தொண்ணூற்று மூன்று. ஐந்துக்கும் அதேதான். இருட்டப் போகிற நேரத்தில் குத்தியபோது எண்பத்தொன்று, பொறவு எழுபது, அறுபத்தைந்து. பேட்டரி போய்விட்டதென்று கருத்தையா அதைத் தட்டிக்கொண்டிருக்கையில் மாரீஸ்வரி வாசலில் செருப்பைக் கழற்றினாள், ஐம்பத்தைந்து. மறுநாளும் அப்படியே எண் இறங்கத் தொடங்கியது. மாரீஸ்வரிக்குப் போன் போட்டான்.

"பஸ் ஏறிட்டியா?"

"இப்பத்தான் சீட்டுக் கெடச்சுச்சு. யாரு சொன்னா?"

"குழம்பு."

எண் இறங்க இறங்க அவன் வாசித்துக் காட்டினான். "இருங்க, வாரேன்" என்றாள். வத்திராயிருப்புப் பேச்சு அதோடு நின்றது.

இப்போது நாலு மணிக்கு அவன் வேர்க்கடலை தின்று காத்திருக்கிறான். இருவரும் சேர்ந்துதான் சாப்பிடுகிறார்கள், சட்டியில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. அடுத்த வீட்டுச் செல்வலட்சுமி சுவருக்கு மேல் எட்டி, "குழம்பு எம்புட்டு இருக்கு? எங்க வீட்டு அவியளும் அந்த பஸ்லதான் வருதாவ" என்று கேட்டுவிட்டுத்தான் தோசைக்கல்லை வைக்கிறாள். எழுபது என்றால் மாவைக் கரைப்பாள், அறுபது என்றால் ஊற்றுவாள். மலைச்சாமிக்கு ராத்திரி ஷிப்டு போட்டுவிட்டார்கள்; அவர் ஓய்வாக இருக்கும் பகலில் மாரீஸ்வரி ஊரில் இல்லை, குழம்பும் ஆறாது. கருத்தையா அவருக்குத் தர வேண்டிய ஒரு சாப்பாடு இன்னும் பாக்கி.