காலர் மடிப்பில் ஒரு துளி

தன் கணவன் வேலை செய்யும் இடத்தில் புதிதாகச் சேர்ந்தவளுக்குத் தையற்காரி மனதுக்குள் வைத்த பெயர் ஏணிக்காரி.

"இன்னிக்கு உச்சிக் கிளை வரைக்கும் போயிட்டேன். அவ ஏணியைக் கொஞ்சம்கூட அசையாமப் புடிச்சுக்கிட்டா" என்று அவன் ஒருநாள் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னான். மறுநாளும் அதே ஏணி. அதற்கு மறுநாளும்.

"ஏணியைச் சுவத்துல சாத்தினாலும் அசையாதுங்க" என்றாள் தையற்காரி. அவனுக்கு அது உறைக்கவில்லை.

மரத்து இலைகள் விடும் வாசனையை அளப்பதுதான் அவன் வேலை. ஏணியில் ஏறி, இலைக்கொத்தை ஒரு பைக்குள் பொதிந்து கட்டி, உள்ளே சேரும் காற்றைச் சின்னப் பம்ப்பால் குழாயில் பிடிப்பான். விடியலில் ஒருமுறை, உச்சிவெயிலில் ஒருமுறை, அந்தியில் ஒருமுறை. அந்தக் காற்றில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பிறகு ஓர் இயந்திரம் பிரித்துச் சொல்லும். வெயில் ஏற ஏற இலையின் வாசம் கூடும், இருட்டினால் அடங்கும், முற்றிய இலைக்கு ஒரு மணம், தளிருக்கு வேறு மணம் என்று அவன் சொல்லச் சொல்ல அவளுக்கே பாதி வித்தை வந்துவிட்டது.

இந்த வேலைக்காகத்தான் வீட்டில் மணமில்லாத சோப்பு. அவளுக்கு உயிரான லாவண்டர் தைலப் புட்டிகூடத் தையல் பெட்டியின் அடியில், பொத்தான்களுக்குக் கீழே போயிருந்தது. "உன் வாசம் பைக்குள்ள போயிட்டா மரம் பொய் சொல்லும்" என்று கல்யாணமான புதிதில் அவன் கொஞ்சலாகச் சொன்னபோது அவளும் சிரித்துக்கொண்டே மூடி வைத்தாள்.

ஏணிக்காரி வந்த வாரம் அந்தப் புட்டி வெளியே வந்தது. விடியுமுன் அவன் சட்டையைத் தேய்த்து முடித்ததும் காலர் மடிப்புக்குள் ஒரே ஒரு துளி. ஏணிக்குக் கீழே நிற்பவளின் மூக்குக்கு அது போய்ச் சேர வேண்டும். இவனுக்கு வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவள் கணக்கு. மரம் அவள் நினைப்பிலேயே இல்லை.

தளிர்க்காலம் முடியும் தறுவாயில் அவன் ஏணிக்காரியை வீட்டுக்கே சாப்பிட அழைத்து வந்தான். முகத்தில் விளக்கேற்றியதுபோல் ஒரு வெளிச்சம்.

"கேளு! எங்க மரம் விடியக்காலையில வாசம் விடுது. லாவண்டர்ல இருக்குமே, அதே சரக்கு. காலையில உச்சம், மத்தியானம் பாதி, சாயங்காலம் ஒண்ணுமில்ல. எல்லா மரமும் வெயிலுக்கு வாசம் விட்டா இது தலைகீழா விடுது! முதல்ல கண்டுபிடிச்சவளே இவதான்."

"நான் சேர்ந்த வாரத்துலதான் ஆரம்பிச்சுது, அக்கா" என்றாள் ஏணிக்காரி. "நடுவுல ரெண்டு நாள் மட்டும் காணாமப் போச்சு. மேகமூட்டம்னு நினைச்சோம்."

அந்த இரண்டு நாளும் தையற்காரி தன் அக்கா வீட்டில் இருந்தாள். கரண்டி அவள் கையிலேயே நின்றது.

வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. அவன் முகத்தில் இருக்கும் வெளிச்சமும் அணையாது. விழுங்கிவிடலாம் என்றுதான் அவளும் நினைத்தாள்.

"அடுத்த மாசம் பெரிய கருத்தரங்கு. மூணு நாள். நாங்க ரெண்டு பேரும் போய் இதைச் சொல்லப் போறோம்" என்றான் அவன்.

மூன்று நாள். இரண்டு பேரும்.

"அது மரம் இல்லீங்க" என்றாள் தையற்காரி. "உங்க காலர்."

காலரில் துளி வைத்ததை அவள் சொல்லி முடித்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்து கருகியது. கருகல் நெடி கண்ணைக் கரித்தது. தையற்காரி ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். ஏணிக்காரி மூக்கைக்கூடச் சுளிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"பக்கத்துலதானே இருந்தே, நாத்தம் வரலையாம்மா?"

"எனக்கு மூக்கு அழகுக்குத்தான் அக்கா. சின்ன வயசுல ஒரு காய்ச்சல் வந்து மோப்பமே போயிடுச்சு. எனக்கு எல்லாத்தையும் மெஷின்தான் மோந்து சொல்லணும்." பிறகு அவள் கண் விரிந்தது. "ஐயோ, எனக்காகவா பூசினீங்க?"

தையற்காரிக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. ஏணிக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. இந்த வருடத்துத் தளிர் முற்றிக்கொண்டிருந்தது. மறுபடி துளிர்க்க ஒரு வருடம் ஆகும்.

"மூக்குள்ள மனுஷன் நீங்களாவது கண்டுபிடிச்சிருக்க வேணாமா?" குற்றம் தன்னுடையது என்று தெரிந்தும் அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "தினம் உங்க கழுத்துலதானே இருந்துச்சு?"

அவன் காலரை இழுத்து முகர்ந்தான்.

"மரத்துல ஏறினதும் உன் ஞாபகம் வரும்" என்றான் மெதுவாக. "தினமும் வரும். அதுல வாசம்னு தனியா ஒண்ணு இருக்கிறதே எனக்குத் தோணல."



"எல்லாம் வீணாப் போகலை" என்றாள் ஏணிக்காரி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "காலர்லேருந்து எவ்வளவு போயிருக்கும்னு தெரிஞ்சா ஓரளவுக்குக் கழிச்சிடலாம். அக்கா, நாளைக்கு எங்ககூட வாங்க. வழக்கமா வைக்கிற மாதிரியே வையுங்க. காலிப் பையில அளந்து பாத்துடலாம்."

மறுநாள் விடியலில் தையற்காரி அந்த மரத்தடியில் நின்றாள். புட்டி அவள் முந்தானையில் முடிந்திருந்தது. அவன் முதல் படியில் கால் வைத்தான். ஏணிக்காரி வழக்கம்போல் கை நீட்டினாள்.

"நீ பம்ப்பைப் பாரும்மா" என்று தையற்காரி குறுக்கே புகுந்து ஏணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "இதை நான் பாத்துக்கறேன்."

"அசையுது!" என்று மேலிருந்து அவன் கத்தினான்.

"அசையட்டும்" என்றாள்.