ஏழாவது காரணம்

காரைக்குடியில் அப்போது கல்யாண போட்டோ எடுக்கிறவர்கள் என்று பெயர் சொல்லும்படி ஏழு பேர் இருந்தார்கள். அந்த ஏழு பேரில் ஆறு பேர், ஒரே நாளில், ஒரே மேசையைச் சுற்றி நின்றுகொண்டு, ஒரு கேமராவை ஏன் வாங்கக்கூடாது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஏழாவது ஆள் செல்வின். அவன் வாயே திறக்கவில்லை. கேமராவை விட்டுக் கண்ணை எடுக்கவும் இல்லை.

கேமரா வலையபட்டி மெய்யநாதனுடையது. பதினெட்டு வருஷம் சிங்கப்பூரில் இருந்துவிட்டு தொண்ணூற்றேழில் ஊர் திரும்பியவர், கிளம்புகிற அன்று கடைக்காரன் பேச்சில் மயங்கி அந்த ஜெர்மன் கேமராவை வாங்கிவிட்டார். தனக்குப் போட்டோ எடுக்கத் தெரியாது என்பது ஊருக்கு வந்த பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. அறுபதாயிரம் ரூபாய்க்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியனுப்பி, ஏழு பேரையும் வரவழைத்துக் காப்பியும் கொடுத்தார். அந்தக் காசுக்கு இரண்டு புது ஸ்கூட்டர் வாங்கலாம்.

"ஜூம் இல்லண்ணே" என்றார் ஒருவர்.

"சோப்பு டப்பா மாதிரியில்ல இருக்கு. இதத் தூக்கிக்கிட்டு மணவறையில நின்னா, பந்திக்கு வந்தவன்னு நெனச்சு எலையப் போட்ருவாக."

"அமுக்குனா சத்தமே வரல. சத்தம் வரலைன்னா எடுத்தேன்னு எவன் நம்புவான்?"

ரிப்பேர் பார்க்க மதுரையில்கூட ஆள் கிடையாது என்றார் நான்காமவர். ஐந்தாமவர் வாங்காததற்கு அவர் மனைவிதான் காரணம். ஆனால் அதை அவர், "நம்ம ஊரு புழுதிக்கு இது தாங்காதுண்ணே" என்று சொன்னார்.

கடைசியாகப் பேசியது ரோகிணி ஸ்டுடியோ அழகுராஜா. மகள் பெயரில் ஸ்டுடியோ, முழ நீள லென்ஸ், குடை வைத்த ஃபிளாஷ் என்று ஊரிலேயே பெரிய கை. கேமராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாம கண்ணு வச்சுப் பாக்குற சன்னல் ஒரு பக்கம், படம் எடுக்குற லென்ஸ் ஒரு பக்கம். பொண்ண ஒருத்தன் பாக்க, தாலிய இன்னொருத்தன் கட்டுற மாதிரியில்ல இருக்கு!"

மெய்யநாதன் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். செல்வின் மட்டும் கேமராவைக் கையில் வாங்கி அந்தச் சன்னல் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனை துல்லியம்!

அவனுக்கு ஒரு கணக்கு இருந்தது. மானகிரிக்குப் பக்கத்தில் அவன் பங்குக் கோயிலான மாதா கோயிலுக்குப் புதிதாக வந்திருந்த சாமியார், பூசை நேரத்தில் ஃபிளாஷ் அடிக்கக்கூடாது, படபடவென்று கேமரா சத்தமும் கேட்கக்கூடாது என்று அறிவித்துவிட்டார். அடுத்த வாரம் அதே கோயிலில் ரிட்டயர்டு தலைமையாசிரியர் சூசைமரியான் மகள் கிறிஸ்டிக்குக் கல்யாணம். பதினைந்து வருஷத் தொழிலில் செல்வின் ஒரு தாலிகட்டைக்கூடத் தவறவிட்டதில்லை. முகூர்த்தத்தில் கரண்டு போயிருக்கிறது, மாப்பிள்ளை மயங்கி விழுந்திருக்கிறார், தாலிப் படம் மட்டும் விழாமல் இருந்ததில்லை. அந்தப் பேரை வைத்துத்தான் அவனுடைய சின்ன ஸ்டுடியோ அழகுராஜாவின் குடை ஃபிளாஷ்களுக்கு நடுவே பிழைத்துக்கிடந்தது. இருட்டுக் கோயிலில், சத்தமில்லாமல், ஃபிளாஷ் இல்லாமல் எடுக்க இதைவிட்டால் வேறு கேமரா ஏது?

மற்றவர்கள் போன பிறகு கேட்டான். மெய்யநாதன் தாராளமான மனிதர்.

"ஒரு கல்யாணம் எடுத்துப் பாருங்க தம்பி. புடிச்சா வாங்கிக்கங்க, புடிக்கலைன்னா குடுத்துருங்க. ஈரம் மட்டும் படாமப் பாத்துக்கங்க."

அந்தக் கடைசி வாக்கியம்தான் வினையாக வந்தது.

கல்யாணத்தன்று காலை, மனைவி ஆரோக்கிய ஷீலா அவனுடைய பழைய கேமராவையும் எடுத்து நீட்டினாள். "இதையும் கழுத்துல போட்டுக்கங்க."

"ரெண்டு பொண்டாட்டிக்காரன் மாதிரியா?"

"ரெண்டுல ஒண்ணாவது சோறாக்கும்ல?"

கோயில் வாசல் வரைக்கும் பழையதையும் கொண்டுபோனான். உள்ளே போகும்போது அதை வேனில் வைத்துவிட்டான். பொண்ணு காரை விட்டு இறங்குவதை ஜெர்மன் கேமராவில் ஐந்து படம் எடுத்தான். பிறகு வாசலில் சாமியார் மணமக்களை வரவேற்றுத் தீர்த்தம் தெளித்தார். கை வீச்சுள்ள சாமியார். மணமக்கள் மேல் பாதி, சுற்றி நின்றவர்கள் மேல் மீதி. 'ஈரம் மட்டும் படாம' என்று மெய்யநாதன் குரல் காதில் கேட்டது. செல்வின் சட்டென்று மூடியை எடுத்து லென்ஸைப் பொத்தினான்.

அதன் பிறகு எல்லாம் சொர்க்கம்தான். ஓசையில்லாமல் தூண் ஓரமாக நகர்ந்தான். சன்னல் வழியாகப் பார்த்தால் கிறிஸ்டியின் இமை முடிகூடத் தெரிந்தது. பின்வரிசைப் பெரியவர் ஒருவர், "போட்டோக்காரர் வரலையா?" என்று பக்கத்தில் கேட்டதைப் பெருமையாக எடுத்துக்கொண்டான். தாலி மந்திரிக்கப்பட்டது. மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டார். செல்வின் அமுக்கினான்.

அதே நொடியில் பெண்கள் பக்கமிருந்து பளிச்சென்று ஒரு ஃபிளாஷ். சாமியார் முறைத்தார். சூசைமரியான், வகுப்பில் விசிலடித்தவனைத் தேடுகிற பழைய தலைமையாசிரியராகத் திரும்பிப் பார்த்தார். எல்லாப் பெண்களும் ஒரே சமயத்தில் ஜெபித்துக்கொண்டிருந்தார்கள்.

பூசை முடிந்ததும் சாமியார் செல்வினைத் தட்டிக்கொடுத்தார். "இருந்த எடமே தெரியாம எடுத்தீக. இப்படித்தேன் இருக்கணும்."

குரூப் போட்டோ எல்லாம் வெளியே, பழைய கேமராவில் ஆயிற்று. மதியம் வீட்டுக்கு வந்து ஃபிலிமைக் கழற்றினான். ஜெர்மன் கேமராவின் முதுகைத் துடைத்து, மூடி போடச் சட்டைப்பையைத் துழாவினான். மூடி இல்லை. கால்சட்டைப் பையிலும் இல்லை. கடைசியில் கேமராவைத் திருப்பிப் பார்த்தான். மூடி அதன் இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

"பூசை முடிஞ்சதும் போட்டிருப்பேன்" என்றான்.

"போட்ட ஞாபகம் இருக்கா?" என்றாள் ஷீலா.

"இருக்கு. தீர்த்தம் தெளிச்சப்ப."

"கழட்டுன ஞாபகம்?"

செல்வின் மூடியோடு கேமராவைத் தூக்கிச் சன்னல் வழியாக அவளைப் பார்த்தான்; பளிச்சென்று தெரிந்தாள். பழைய கேமராவில் லென்ஸ் வழியாகத்தான் பார்க்க வேண்டும். மூடி இருந்தால் கண்ணுக்கு இருட்டுத் தெரியும், நாய்க்குட்டிக்குக்கூடப் புரியும். இதிலோ சன்னல் வேறு, லென்ஸ் வேறு. லென்ஸ் குருடாய்க் கிடந்தாலும் கண்ணுக்குக் கிறிஸ்டியின் இமை தெரியும். பொண்ணைப் பார்த்தது ஒருத்தன். தாலி கட்டியது ஒருவனுமில்லை.

ஃபிலிமை உள்ளூரில் கழுவக் கொடுத்தால் ஊருக்கே தெரியும் என்று மதுரைக்கு அனுப்பினான். மூன்றாம் நாள் வந்தது. ஐந்து படத்தில் கிறிஸ்டி காரை விட்டு இறங்கிக்கொண்டே இருந்தாள். மீதி முப்பத்தொன்றும் எழுதாத சிலேட்டு.

செல்வின் குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, சூசைமரியான் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்வதென்று ஸ்டுடியோ கதவைப் பூட்டும்போது, அவருடைய தங்கை பவுலின் முக்காட்டை இழுத்துவிட்டபடி வந்து நின்றாள். கையில் ஒரு ஃபிலிம் ரோல்.

"தம்பி, இத நீங்களே கழுவிக் குடுங்க. அண்ணனுக்குத் தெரியக்கூடாது."

"என்னக்கா?"

"கோயில்ல லைட்டு அடிச்சது நாந்தேன். மகன் வாங்கிக் குடுத்த கேமரா, எண்ணூறு ரூவா. லைட்டு அதுவா அடிக்கும்னு எனக்கென்ன தெரியும்? அண்ணன் இன்னும் வீட்டுல விசாரணை நடத்திக்கிட்டிருக்கு."

செல்வின் பூட்டிய கதவைத் திறந்தான்.

இந்த முறை தானே மதுரைக்குப் போய், மறுநாளே படத்தோடு வந்தான். கலங்கலில்லாமல், நட்டநடுவில் தாலி. குனிந்த கிறிஸ்டி, மாப்பிள்ளையின் விரல், பின்னால் எப்போதும்போல் கண்ணை உருட்டும் சாமியார். பவுலின் பார்த்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"சாமி என்னையத்தேன் மொறைக்கிறாரு. இத நான் வீட்டுல மாட்ட முடியுமா? நீங்க எடுத்ததுன்னு ஆல்பத்துல வச்சிருங்க தம்பி, புண்ணியமாப் போகும்."

"உங்களுக்காகச் செய்யுறேன்க்கா" என்றான் செல்வின், பெரிய மனது பண்ணி.

சூசைமரியான் ஆல்பத்தைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "ஃபிளாஷ் போடலைன்னீகளே செல்வின்?"

"யாரோ அடிச்சாகள்ல சார், அந்த வெளிச்சம் அடங்குறதுக்குள்ள நம்ம கேமரா புடிச்சிருச்சு."

"பூசையில மத்த படம்?"

"இருட்டு சார்."

தாலி இருந்ததால் தலைமையாசிரியர் தேறிவிட்டார். செல்வின்தான் அந்த வீட்டு முறுக்கைத் தொடாமலே எழுந்து வந்தான்.

அடுத்தவன் அடித்த மின்னலைக்கூடப் பிடித்துவிடுகிற கேமரா என்று ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. மெய்யநாதன் படத்தைப் பெரிதாக்கித் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டினார், யார் கல்யாணம் என்றுகூட அவருக்குத் தெரியாது. விலை எழுபதாயிரமாக ஏறியது. செல்வின் கேமராவைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

"ஏன் தம்பி? உங்களுக்குன்னா பழைய வெலைதான்."

"ஜூம் இல்லண்ணே. சின்னதா இருக்கு. சத்தம் வரல. ரிப்பேருக்கு ஆளில்ல. புழுதி தாங்காது. சன்னல் ஒரு பக்கம், லென்ஸ் ஒரு பக்கம்" என்று மூச்சுவிடாமல் ஆறு காரணத்தையும் ஒப்பித்துவிட்டு வந்தான்.

மறுநாளே அழகுராஜா ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டார்.

"என்னய்யா, ஆறு காரணமும் சொன்னியாமே? எங்க காரணத்த எங்ககிட்டயே விக்கிறியா? வெலைய எறக்கத்தானே?"

"இல்லண்ணே. வேண்டாம்னு தோணுச்சு."

"எனக்கு வேணும்னு தோணிருச்சு. வச்சிருந்த ரெண்டு கேமராவையும் குடுத்துட்டு அத வாங்கப் போறேன்."

இரண்டையுமா! செல்வினுடைய தாலிப் படத்தை விழுங்கிய கேமரா, இவர் பிழைப்பையும் விழுங்கினால்? அவன் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, தீர்த்தம், மூடி, முப்பத்தொரு வெற்றுப்படம் என்று எல்லாவற்றையும் சொன்னான். பவுலின் பெயரை மட்டும் விட்டுவிட்டான்.

அழகுராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "மூடியோட எடுத்தியா? தாலிகட்டையே தவறவிடாத நீயி? நல்லாக் கத கட்டுறய்யா! பொறாமை மனுசன என்னவெல்லாம் பேச வைக்குது பாரு."

உண்மையை அவ்வளவு சுத்தமாகச் சொன்னது செல்வினுக்கு அதுதான் முதல் தடவை. அவன் பேச்சை ஒருவர் நம்பாமல் போனதும் முதல் தடவை.

ஆவணி முகூர்த்தத்தில் அரியக்குடியில் சேவுகன் வீட்டுக் கல்யாணம். அழகுராஜா போட்டோ. செல்வின் வெறும் விருந்தாளி, ஷீலாவோடு மூன்றாவது வரிசையில். பெண்ணழைத்து வரும்போது ஒருவர் பன்னீர்ச் செம்பை உலுக்கிக்கொண்டே வந்தார். எழுபதாயிரம் ரூபாயைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த அழகுராஜா பதறிப்போய், பையிலிருந்து ஏதோ எடுத்து லென்ஸில் பொருத்தினார். பிறகு மணவறைக்கு எதிரே போய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

மூடி அங்கேயே இருந்தது. கறுப்பில் கறுப்பு. தெரிந்தவன் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது.

சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். நாலாம் நாள் அழகுராஜா தானே வந்து கதவைச் சாத்திவிட்டுப் பேசுவார். அவன் சொல்லியும் நம்பாத அந்த ஏழாவது காரணத்துக்கு ஒரு சாட்சி கிடைக்கும்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

மணப்பெண் தலை குனிந்தாள். கிறிஸ்டி குனிந்த மாதிரியே இருந்தது. செல்வின் இரண்டு வரிசை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினான். மணவறைக்கு முன்னால் கையை நீட்டினான், மூடியைப் பிடுங்கினான்.

"யோவ்! கைய எடுய்யா!" மேளத்தையும் மீறிக் கத்தினார் அழகுராஜா. மாப்பிள்ளை முடிச்சுப் போட்டார். கேமரா வழக்கம்போல் சத்தமே போடவில்லை.

தாலிகட்டு நேரத்தில் செல்வின் பொறாமையில் குறுக்கே கைவிட்ட கதை மறுநாள் காரைக்குடி டீக்கடைகள் எல்லாவற்றிலும் ஓடியது. சேவுகன் வீட்டார் அவனிடம் முகம் கொடுக்கவில்லை. ஆனால் படம் அற்புதமாக வந்தது. ரோகிணி ஸ்டுடியோ வாசலில் ஆளுயரத்துக்குத் தொங்கியது.

ஒரு மாதம் கழித்து, சலவைக்குச் சட்டை எடுத்த ஷீலா, பையிலிருந்து அந்தக் கறுப்பு மூடியை எடுத்தாள். "இன்னுமா திருப்பிக் குடுக்கல?"

"கேக்கட்டும், குடுக்குறேன்."

"கேக்கவே இல்லையா?"

"எப்படிக் கேப்பாரு? கேட்டா, அது எப்பக் கழண்டுச்சுன்னும் சொல்லணும்ல?"

அழகுராஜா மதுரையில் சொல்லிவைத்துப் புது மூடி வரவழைத்துவிட்டதாக அப்புறம் கேள்விப்பட்டார்கள். அதில் ஒரு சிவப்புக் குஞ்சலம் கட்டித் தொங்கவிட்டிருந்தாராம். திருஷ்டிக்கு என்று சொல்லிக்கொண்டார்.