இழுப்பறையில் இருந்த படிவம்

மாலை ஐந்து நாற்பதுக்குத் தொலைபேசி அடித்தது. டெல்ஃபினா அப்போதுதான் பள்ளிப் பேருந்தைக் கொட்டகையில் விட்டுவிட்டு வீட்டுக்குள் வந்திருந்தாள். அடுப்பைப் பற்றவைத்த கையோடு எடுத்தாள்.

"எலியாஸ் இருக்காரா மேடம்? நான் சார்ஜென்ட் பிரூயிட். ராணுவ ஆள்சேர்ப்பு ஆபீஸ்."

"இந்த நம்பர யார் குடுத்தா உங்களுக்கு?"

"ஸ்கூல் குடுத்த பட்டியல்ல இருக்கு மேடம். மாநில ஓட்டப் போட்டியில தம்பி நாலாவதா வந்தாராமே. பேப்பர்ல பாத்தேன். ரொம்ப சந்தோஷம்."

அவள் வைத்துவிட்டாள். அடுப்பையும் அணைத்தாள்.

அந்த எண் இரண்டே இடங்களில்தான் இருந்தது. ஒன்று, முன்னாள் படைவீரர் மருத்துவமனை. மற்றது பள்ளிக்கூடம். பழைய எண்ணை அவள்தான் மாற்றினாள். அந்தப் பழைய எண்ணில் வேறொரு சார்ஜென்ட் மூத்த மகன் லூகாஸை வாரத்துக்கு மூன்று முறை கூப்பிட்டுக்கொண்டிருந்தார். லூகாஸ் படைக்குப் போனான். ஈராக்கிலிருந்து திரும்பியும் வந்தான். இப்போது பகல் முழுக்க வாசலில் நிற்கும் பிக்கப் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறான். சாப்பாட்டை அங்கேதான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கண்ணாடியைத் தட்டக் கூடாது. அவனாகத் திரும்பிப் பார்க்கும்வரை நிற்க வேண்டும்.

அதனால்தான் செப்டம்பரில் சின்னவன் எலியாஸுக்காகப் பள்ளியில் ஒரு படிவம் வாங்கினாள். என் பிள்ளையின் விவரங்களை வெளியாருக்குத் தர வேண்டாம் என்று ஒரு வரி, அதன் முன்னால் ஒரு கட்டம். கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டு, பள்ளி அலுவலகத்தில் பெர்னடெட்டின் கையிலேயே கொடுத்தாள்.

பதினெட்டு ஆகும்வரை தாயின் கையெழுத்து இல்லாமல் எலியாஸை யாரும் படையில் சேர்க்க முடியாது. வரும் திங்கட்கிழமை அவனுக்குப் பதினெட்டு.

மறுநாள் காலை பிள்ளைகளை இறக்கிவிட்டதும் பேருந்தைப் பள்ளி வாசலிலேயே நிறுத்தி அலுவலகத்துக்குள் போனாள். பெர்னடெட் இன்னும் மேல்கோட்டைக் கழற்றவில்லை. இருபது வருடமாக அந்த மேசை அவளுடையது. எலியாஸின் ஞானத்தாயும் அவள்தான். ஞானஸ்நானத்தன்று அவனைக் கையில் ஏந்தியிருந்தவள்.

"வா டெல். காபி ஊத்தவா?"

"கதவ சாத்து."

பெர்னடெட் சாத்தினாள்.

"நான் குடுத்த ஃபார்ம் எங்க?"

பெர்னடெட்டின் கண் இழுப்பறைப் பக்கம் போய்த் திரும்பியது.

"பெர்னி, எங்க?"

"உக்காரு, சொல்றேன். அந்தக் கட்டம் ஒண்ணுதான் இருக்கு. ராணுவம் வேற, பேப்பர்காரன் வேறன்னு நம்ம ஸ்கூல் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. டிக் போட்டா மொத்தமா மறைச்சிடும். ஆண்டு மலர்ல போட்டோ வராது. ஓட்டப் போட்டி புத்தகத்துல பேர் வராது. காலேஜ்களுக்கு அனுப்பற பட்டியல்லயும் வராது. போன வருஷம் சலாஸார் பொண்ணுக்கு அதுதான் நடந்துச்சு. பட்டம் குடுக்கற அன்னிக்கி அச்சடிச்ச தாள்ல அவ பேரே இல்ல. அவ அம்மா இதோ இந்த மேசையில தலைய வெச்சு அழுதா."

"அதனால?"

"அதனால நான் அத கம்ப்யூட்டர்ல ஏத்தல."

பெர்னடெட் இழுப்பறையைத் திறந்தாள். படையின் முத்திரை போட்ட பேனாக்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. மாதாமாதம் டோனட் வாங்கிவரும் ஆள்சேர்ப்பு ஆட்கள் விட்டுப்போனவை. பெட்டிக்கு அடியில் படிவம். டெல்ஃபினாவின் கையெழுத்து கசங்காமல் இருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்ப."

"ஆமா."

"அவன் எப்படி ஓடறான்னு ஊர் பூரா தெரியணும்னு ஆசப்பட்டேன். தப்பா? அவன் எனக்கும் புள்ள மாதிரிதான் டெல்."

"உன் புள்ள டென்வர்ல பல் டாக்டருக்குப் படிக்கறான்."

பெர்னடெட் கோட்டின் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள்.

"சட்டம் அப்படி இருக்கு. ராணுவத்துக்குப் பட்டியல் குடுக்கலன்னா ஸ்கூலுக்கு வர்ற அரசாங்கப் பணம் நிக்கும். நான் என்ன பண்ணட்டும்?"

"அதே சட்டத்துலதான் இந்தக் கட்டமும் இருக்கு. நான் படிச்சிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அந்தாளுக்குப் போன் போடு. பேர எடுக்கச் சொல்லு."

எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை. பேனாவிலேயே இருந்தது. பெர்னடெட் ஒலிபெருக்கியை அழுத்தினாள். விஷயத்தைச் சொன்னாள். சார்ஜென்ட் பொறுமையாகக் கேட்டார்.

"தாராளமா எடுத்துடறேன் மேடம். இனிமே அந்த வீட்டுக்குப் போன் வராது. நேத்துகூட நேரத்த உறுதி பண்ணிக்கத்தான் கூப்பிட்டேன்."

"என்ன நேரம்?" என்றாள் டெல்ஃபினா.

"அம்மாவா பேசறீங்க? வணக்கம்மா. அக்டோபர்ல பட்டியல் கைக்கு வந்ததும் எல்லாருக்கும் லெட்டர் போட்டேன். தம்பி அவராவே பதில் போட்டார். திங்கட்கிழமை பத்து மணிக்கு வர்றேன்னிருக்கார். பதினெட்டு ஆயிடும், அம்மாவ தொந்தரவு பண்ண வேணாம்னார். நல்ல புள்ள வளத்திருக்கீங்கம்மா."

டெல்ஃபினா எட்டி இணைப்பைத் துண்டித்தாள். பிறகு பேனாப் பெட்டியை எடுத்துக் குப்பைக்கூடையில் கவிழ்த்தாள். இரண்டு தரையில் உருண்டன. பெர்னடெட் குனியப் போனாள்.

"எடுக்காத."

"நான் அவன்கிட்ட பேசறேன் டெல். என் பேச்சக் கேப்பான்."

"உன் பேச்சு போதும். எனக்காக மூணு மாசம் யோசிச்சியே, அதுவும் போதும். கூப்பிடு அவன."

பெர்னடெட் மைக்கை இழுத்து எலியாஸின் பெயரைச் சொன்னாள். நடைவழிகள் முழுக்க அது கேட்டது. டெல்ஃபினா படிவத்தை மேசைமேல் விரித்து இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எலியாஸ் ஓடித்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் மூச்சு வாங்கவில்லை.

"என்னம்மா, பஸ்ஸ வாசல்லயே போட்டுட்டு வந்திருக்க? யார் வீட்டு வேலியையாவது இடிச்சிட்டியா?"

சிரித்துக்கொண்டே ஞானத்தாயைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். அவன் படிவத்தைப் பார்த்தான்.

"எலியாஸ், திங்கட்கிழமை பத்து மணிக்கு எங்க போற?" என்றாள் டெல்ஃபினா.